செருப்பு மாட்டும்போது சொன்னது

எங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையை யாரும் மூடவில்லை. மூடியிருந்தால் ஒரு நாள் அழுது தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு எங்கள் மாடியைக் கணினித் துறைக்குக் கொடுத்துவிட்டு, எங்களைக் கீழே கிடங்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் பாடம் எடுத்ததெல்லாம் பொறியியல் மாணவர்களுக்கு. கட்டாயப் பாடம் என்பதால் வந்தார்கள். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சமுதாயத்தைப் படித்து முடித்தார்கள்.

கூட்டத்துக்குக் கூட்டம் டீன் கேட்பது ஒன்றுதான்: உங்கள் துறையால் தொழில்துறைக்கு என்ன பயன்? அவருக்கும் மேலே யாரோ அவரை அப்படிக் கேட்டிருப்பார்கள். வாயில் வந்த பதிலை நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

கடைசியில் அந்தப் பயன் தானாகவே வந்து சேர்ந்தது. ஜோகூர் மாநிலத்தில் உலு திராமைத் தாண்டி இருந்த, எண்ணெய்க்காக வளர்க்கும் பழைய செம்பனைத் தோட்டம் ஒன்றை வாங்கிய நிறுவனம், அங்கே தரவு மையம் கட்டப் போவதாகச் சொன்னது. தோட்டம் கைமாறிய பிறகும் நம் தமிழர்கள் சிலர், தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளிலேயே குடியிருந்தார்கள். அடுக்குமாடிக்கு இடம் மாற அவர்கள் சம்மதிக்கிறார்களா என்று நாங்கள் ஆய்வு செய்து தர வேண்டும். நல்லபடியாக முடித்தால் துறை பிழைக்கும் என்றார் டீன். தமிழ் தெரிந்தவள் துறையில் நான் ஒருத்திதான். எனக்கும் ஆசை வந்தது.

நான் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் வீடுகளில் வந்தவரிடம் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லும் வழக்கமில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தாலும் சரி, ஓட்டுக் கேட்க வந்தவரானாலும் சரி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மைலோ கலக்கிக் கொடுத்து, கேட்டதுக்கெல்லாம் "சரிங்க" என்றுதான் பழக்கம். மனதில் இருப்பது வெளியே வர வேண்டுமானால், வந்தவர் எழுந்து, போய்வருகிறேன் என்று சொல்லி, வாசலில் செருப்பை மாட்ட வேண்டும். அப்போதுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

ஆய்வுக்காக அந்த லயத்துக்கு மாணவர்கள் கையில் டேப்லட்டோடு வந்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து மலாயில் கேட்டார்கள், "சரி" வந்தது, தட்டினார்கள், மைலோவைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். நான் பின்தங்கி வாசலில் நின்றேன். குடியிருப்பாளர்களுக்குத் தலைவியாக இருந்த அக்கா, தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், உள்ளே எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், அங்க எங்களுக்கு மேல் மாடியாம். அப்பாவுக்கு இனிப்பு நீரு வியாதில ஒரு காலு எடுத்தாச்சு. லிஃப்ட் கெட்டுப்போனா அவர யாரு தூக்குவா? நாங்க இங்கயே இருந்துக்கிறோம்லா."

வாசலுக்கு வாசல் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு. கேட்டதையெல்லாம் ஆய்வறிக்கையில் ஓர் அத்தியாயமாக எழுதினேன். எழுதும்போது, நான் படித்த படிப்பின் மேல் வெகுகாலத்துக்குப் பிறகு எனக்கே மரியாதை வந்தது. டீன் அதை எடுத்துவிடச் சொன்னார். கேள்விகள் முடிந்த பிறகு பேசியது தரவு ஆகாதாம். மரியாதைக்குச் சொல்லும் சரியும் சம்மதமும் ஒன்றில்லை, இதைப் பிரித்துப் பார்க்கத்தானே இந்தத் துறை என்று வாதாடினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அறிக்கையை முடிக்கும் வேலையைக் கணினித் துறை இளைஞர் ஒருவரிடம் கொடுத்தார். அட்டையில் என் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். அதையும் எடுக்கச் சொல்லி எழுதினேன். அச்சுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது.

அறிக்கையை ஜோகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் வெளியிட்டார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வந்திருந்ததால் எல்லாம் ஆங்கிலம். அக்காவையும் அழைத்து முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அரை நாள் லீவு போட்டுப் பட்டுச்சேலையில் வந்திருந்தார். "சரி" சொன்னவர்களின் கணக்காகத் திரையில் பெரிய பச்சை வட்டம் ஒன்று வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து அக்காவும் தட்டினார். அடுத்ததாக எங்கள் துறைக்குப் புதுப்பெயர் அறிவித்தார்கள்: சமூக ஏற்பு மையம். ஆக, பிழைத்துவிட்டோம்.

சாப்பாட்டு மேசையருகே அக்கா என்னைத் தேடி வந்தார்.

"இங்கிலீஷ்ல வேகமா பேசிட்டாங்க டீச்சர், எனக்கு ஒன்னும் வெளங்கல. என்ன முடிவாச்சு?"

அங்கே அவருக்குத் தமிழில் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

"எடம் மாற நீங்க எல்லாரும் சம்மதிச்சிட்டீங்கன்னு சொன்னாங்க அக்கா."

அவர் தட்டை மேசையில் வைத்தார்.

"நாங்களா? யாருகிட்ட சொன்னோம்?"

"எங்ககிட்டதான்," என்றேன்.