அல்வா சுமந்த சர்க்கரைக்காரன்

ஓட்டல் சப்ளையருக்கு நல்ல ஞாபகம் வேண்டும், நல்ல கால் வேண்டும். நாக்கு மட்டும் இருக்கவே கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலை தேரடித் தெரு ஓட்டல் ஒன்றில் தட்டு தூக்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. உங்களிலும் அந்த வியாதிக்காரர்கள் இருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை ஜாங்கிரியைப் பார்த்துவிட்டு, முகத்தை எதிர்ச்சுவருக்குத் திருப்பியிருப்பீர்கள். எனக்கு அந்தப் பந்தி தினமும் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடும்.

செங்கல் நிறம்

கால் கட்டைவிரலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் விட்டுக் காய்ச்சினார். அது பச்சையாகி, மஞ்சளாகி, சர்க்கரை ஏறிப்போனதற்கு அடையாளமான செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அரிசியைக் குறை, கேழ்வரகும் கீரையும் சாப்பிடு, இனிப்பைக் கண்ணால் பார்ப்பதோடு சரி என்றார். நாளெல்லாம் நின்று பிழைக்கிறவன், கால் போனால் என்ன செய்வேன் என்று கேட்டேன். "அத அல்வா தட்டு எடுக்கும்போது நெனச்சுக்கோங்க" என்றார்.

மலை சுற்றிய கால்

பௌர்ணமிக்கு வந்த கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர், எழுபது வயதிருக்கும், நாலு ஜாங்கிரி தின்றுவிட்டு இன்னும் கேட்டார். வயதான காலத்தில் சர்க்கரை வந்துவிடப் போகிறது என்று அக்கறையாகச் சொன்னேன். அக்கறை என்ன அக்கறை, வயிற்றெரிச்சல். மேசைக்கடியில் அவர் பாதத்தைப் பார்த்தேன்; ஒரு கீறல் இல்லை. அந்த ஜாங்கிரிமேல் அதிகம் பொறாமைப்பட்டேனா, அந்தக் கால்மேலா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் விரலை நக்கிக்கொண்டே, "செருப்பில்லாம மலை சுத்தி வந்தாச்சுங்க. இன்னும் ரெண்டு வையிங்க" என்றார்.

இரண்டு வக்கீல், ஒரே ஆள்

வாடிக்கையாக வரும் வக்கீல் ஒருவர், டாக்டர் வீட்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவர்தான். அவருக்கும் செங்கல் நிறம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு இட்லி, சர்க்கரை போடாத 'வித்தவுட்' காபி. கோர்ட் நாளில் தனியே வந்தால் நெய் ஒழுக அல்வா. ஒரே வியாதி, ஒரே டாக்டர். அவர் தின்கிறார், நான் சுமக்கிறேன். வேண்டாங்க என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். "நீ டாக்டரா, சப்ளையராப்பா? வை" என்றார்.

கோள்

எனக்குத் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் கைகழுவப் போனபோது அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனுஷர் நன்றாகத் திட்டு வாங்கட்டும் என்றுதான். அந்த அம்மாள் திட்டவில்லை. நேரே முதலாளியிடம் போய், பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்து, முருங்கைக்கீரையும் சின்னவெங்காயமும் போட்டு அடை, வெள்ளரிக்காய்ப் பச்சடி, வெண்ணெய் எடுத்த மோர் என்று பக்குவம் சொல்லி, அவர் எப்போது வந்தாலும் இதுதான் என்று ஏற்பாடு செய்துவிட்டார்.

வக்கீல் அடையின் மொறுமொறு ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். அல்வாவைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. இது நானும் தின்னக்கூடிய பண்டம். ஆனால் எனக்காகப் பக்குவம் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை, கேழ்வரகுக் கஞ்சிதான். வக்கீல் ஏப்பம் விட்டுவிட்டு, "எவனோ புண்ணியவான் போட்டுக் குடுத்துட்டான்பா. நல்லா இருக்கட்டும்" என்றார்.

மூன்றாவது இலை

மறு ஞாயிறு அந்த அம்மாள் மூன்று இலை போடச் சொன்னார். இன்னும் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "நீங்கதான். இவரும் நீங்களும் ஒரே டாக்டராமே. கால்ல கட்டு வேற. உக்காருங்க, ஆறிடும்" என்றார். முதலாளி கல்லாவிலிருந்து முறைத்தார். வக்கீல் வீட்டம்மாளை மறுத்துப் பேச அவருக்குத் தைரியமில்லை. சாப்பிட வருகிறவர்களின் பெஞ்சில் முதல்முறையாக உட்கார்ந்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அந்த அம்மாள் இன்னொரு அடையை என் இலையில் போட்டார். வக்கீல் தன் காலி இலையைப் பார்த்தார், என் இலையைப் பார்த்தார். "ஏம்மா, அவனுக்கு மட்டும் ரெண்டா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் என் கால்புண் ஆறியது. பயறு அடையாலா, என் இலையைப் பார்த்தும் ஒருவர் வயிறெரிந்த திருப்தியாலா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.