மூன்றாம் பாகத்துக்கு முன் வைத்த பெயர்

பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்க விதிப்படி ஓராண்டு அவகாசம் உண்டு. நான் முதல் மாதமே சேர்த்துவிட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸ் நூலகத்தில் அந்தச் சரித்திரக் காதல் நாவலின் முதல் இரண்டு பாகங்களைப் படித்து உருகி, மகளுக்கு நாயகியின் பெயரையே வைத்திருந்தோம். கைமாறிக்கொண்டே இருந்த மூன்றாம் பாகம் எங்களிடம் வந்தபோது மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அதில் நாயகி அரசனுக்கு விஷம் வைத்தாள்.

“இன்னா அண்ணாத்தே, இனிமே உங்க ஊட்ல காபி குடிக்கலாமா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி சிரிக்கவில்லை. “பேர மாத்திட்டு வாங்க” என்றாள். மனு போட்டேன், நினைவூட்டல்களும் போட்டேன்.

மகளே வளர்ந்து மூன்று பாகங்களையும் படித்தாள். “அந்த ராஜாவுக்கு வேணும்பா. இதே பேரு இருக்கட்டும்” என்றாள்.

இரண்டாம் பாகத்தை இன்றும் ஆசையாகப் படிக்கிறேன். ஆனால் புது நாவல் எதையும் கடைசிப் பாகத்திலிருந்துதான் தொடங்குகிறேன். பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்ற பதில், அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த அன்று வந்தது.