சுண்ணாம்பு ஒட்டியிருந்த நான்காவது பாட்டில்

பிள்ளைகளே, குழாயைத் திறந்ததும் தெளிந்த தண்ணீர் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். உங்கள் அக்காவுக்கு இரண்டு வயதில் அப்படி இல்லை. இந்தத் தீவுக்கு வந்து, பெரார்கஞ்ச் பம்பு ஹவுசில் எனக்கு வேலை. மழை பிடித்துவிட்டால் ஓடைத் தண்ணீர் செம்மண் கரைசலாக வரும். அந்தக் கலங்கலில் பிளீச்சிங் பவுடர் போட்டும் பயனில்லை. முதலில் மண் அடியில் தங்க வேண்டும். அதற்குத்தான் படிகாரம்.

மெயின்லாண்டிலிருந்து வந்த அளவுச் சீட்டின்படி போட்டோம். தெளியவில்லை. இரட்டிப்பாக்கினோம். துவர்ப்பு ஏறியதுதான் மிச்சம்.

அக்காவுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. டிஸ்பென்சரியில், தண்ணீர் உள்ளே போனால் பிழைப்பாள் என்றார்கள். காய்ச்சிக் கொடுத்தாலும் அந்தத் துவர்ப்புக்குத் துப்பிவிடுவாள். காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை.

வேறு வேறு அளவில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். கூட வேலை பார்த்த வங்காளி தன் அரைகுறைத் தமிழில், "படிகாரம் ஒரே மூட்டை, பாயி. அதுவும் தீந்து கதம் ஆனா? கப்பல் வரட்டும்" என்றார்.

"கப்பல் வர்ற வரைக்கும் பிள்ளை தாங்காது."

வீட்டிலிருந்த ஆறு கண்ணாடி பாட்டில்களையும் தூக்கினேன்.

"ஊறுகாயைக் கீழ கொட்டிட்டு பாட்டிலத் தூக்கிட்டுப் போறீக! பிள்ளையப் பாக்காம என்ன விளையாட்டு?" என்று உங்கள் அம்மா கத்தினாள்.

"பிள்ளைக்குத்தான்டி!"

ஆறிலும் ஓடைத் தண்ணீர் நிரப்பி, படிகாரக் கரைசலை ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று ஏற்றிவிட்டு, ஈர்க்குச்சியால் கலக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து அப்படியே சிவந்திருந்தன. நான்காவதில் மட்டும் மண் குருணை குருணையாகத் திரண்டு இறங்கியது. அதைவிட அதிகம் போட்ட ஐந்தாவதும் ஆறாவதும் தெளியாதபோது இது எப்படி?

பாட்டிலின் கழுத்தைத் தடவினேன். விரலில் வெள்ளை. உங்கள் அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருந்த பாட்டில். நான் சரியாகக் கழுவவில்லை.

தற்செயலை நம்பி ஊருக்கே தண்ணீர் விட முடியாது. நன்றாகக் கழுவி, அதே அளவு போட்டேன். தெளியவில்லை. சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தேன். தெளிந்தது. மூன்று தடவை பார்த்தேன். மெயின்லாண்டில் நம்மூர்க் கிணற்றில், படிகாரம் வேலை செய்யத் தேவையான சுண்ணாம்புச் சத்து தானாகவே இருக்கும்; இந்த மழைத் தண்ணீரில் இல்லை. சீட்டு எழுதியவர் அதை நினைக்கவில்லை, நாங்களும்தான்.

கரையில் சிப்பி சுடுகிறவர்களிடம் சுண்ணாம்பு வாங்கிவந்து, கணக்கிட்டுத் தொட்டியில் கலந்தோம். தெளிந்த பிறகு பிளீச்சிங் பவுடர். மறுநாள் மத்தியானம் செம்பை எட்டிப்பார்த்த உங்கள் அம்மா, "ஏங்க, அடி தெரியுது!" என்றாள்.

காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தோம். துப்பவில்லை. சாயங்காலம் அக்கா என் மடியை நனைத்தாள். வேட்டியை மாற்ற எனக்கு மனமே வரவில்லை.