அண்ணன் தோளில் நான்கு விரல்கள்

அந்தப் போட்டோ இன்னும் என் செல்போனில் இருக்கிறது. சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது. அண்ணன் வெளிர்நீலச் சட்டை போட்டிருக்கிறான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், எப்போதும் அழுக்குச் சட்டையில் பார்த்தே பழகிய ஆள், அன்றைக்கு இஸ்திரி மடிப்புக் கலையாமல் நிற்கிறான். பக்கத்தில் நான். என் கை அவன் தோள்மேல் கிடக்கிறது. நான்கு விரலும் தெரியும். எல்லா விரலிலும் மருதாணி. ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. கடையில் ஃப்ளெக்ஸ் அறுக்கும்போது கட்டர் கிழித்த தழும்பு அது, மருதாணி அதில் ஏறவில்லை. "கைய எடு பாப்பா, சட்ட கசங்குது" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோதே படம் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பாதிச் சிரிப்பு. அவன் நன்றாக விழுந்த படம் அது ஒன்றுதான்.

நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். சமயநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஆரப்பாளையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் காது குத்தினாலும் சரி, கல்யாணம் என்றாலும் சரி, சாவு என்றாலும் சரி, சுவரில் முகம் வந்தாக வேண்டும். அந்தக் கடைக்குத்தான் அக்கா வந்தாள். கூடப் பிறந்த அக்கா இல்லை. கே.கே. நகரில் வீடு, அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், இவள் காலேஜில் டிசைன் படிக்கிறவள். கடைசி வருசத்துக்கு ஏதாவது ஒரு கடையில் இருந்து வேலை செய்து காட்ட வேண்டுமாம். ஒவ்வொரு வேலையையும் சுவருக்கு ஒன்று, செல்போனுக்கு ஒன்று என்று இரண்டாகச் செய்ய வேண்டுமாம்.

முதல் வாரம் அவள் போட்ட காதுகுத்து பேனர் கம்ப்யூட்டரில் பார்க்க அப்படி அழகு. மெஷினில் இருந்து வெளியே வந்தபோது குழந்தையின் கன்னம் பீட்ரூட் கலரில் இருந்தது. முதலாளி அண்ணன் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, புள்ளைக்குக் காது குத்துனாய்ங்களா, கன்னத்துல அறைஞ்சாய்ங்களா?" என்றார். அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரிக்கிறவளைப் பிடிக்காமல் போகுமா? மத்தியானம் என் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்பாள். அவள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்த கேக்கை எனக்கென்று தனியாக எடுத்து வந்தாள். "நீ மட்டும் படிச்சிருந்தா என்னைய தூக்கிச் சாப்ட்ருவடி" என்பாள். என்னிடம் அப்படியெல்லாம் யாரும் சொன்னதில்லை. நம்பினேன்.

அண்ணன் போனது ஒரு காலை நேரத்தில். பைபாஸில் லாரி. பெரியாஸ்பத்திரியில் அவனைக் கொடுக்கவே மத்தியானம் ஆகும் என்றார்கள். நான் அழுதுகொண்டே கடைக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது, போஸ்டர் அடிக்க வேண்டுமே. போட்டோவை அக்காவிடம் காட்டினேன்.

அஞ்சலி போஸ்டரில் எங்கள் கடை வழக்கம் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கிறவரின் கையோ தோளோ துளிகூட அதில் தெரியக்கூடாது. தலையை மட்டும் வெட்டி எடுத்து, ரெடியாக இருக்கும் கோட்டு சூட்டு உடம்பில் ஒட்டிவிடுவோம். முதலாளி அண்ணன் அதைத்தான் சொன்னார். "கோட்டெல்லாம் வேணாம்ணே, அவரு சட்டையோடயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "அப்ப அந்தப் புள்ள கைய எடுத்துரும்மா. நல்லதில்ல." அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இருக்கட்டும்ணே. அவ அண்ணன்தான?" என்றாள்.

அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அந்த வார்த்தை. எங்கள் தெருச் சுவரெல்லாம் அண்ணன் நின்றான், தோளில் என் கையோடு. செல்போனுக்கும் ஒன்று செய்து தந்தாள். அதில் அவன் பக்கத்தில் விளக்குச் சுடர் ஆடும். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என் கூடப் பொறந்தவங்கக்கா" என்று சொன்னேன். சொன்னேனே.

படிப்பு முடிந்து அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். கொஞ்ச மாதம் கழித்து, பரவையில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று போஸ்டருக்கு வந்தார்கள். முதலாளி அண்ணன் நெட்டில் காசு கட்டி ஒரு புது டெம்ப்ளேட் இறக்கி வைத்திருந்தார். மாலை, விளக்கு, சட்டை எல்லாம் தயாராக இருக்கும். முகம் மட்டும் நாம் வைக்க வேண்டும். திறந்தேன். வெளிர்நீலச் சட்டை. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. தோளில் நான்கு விரல். ஆள்காட்டி விரலில் வெள்ளைக் கோடு.

எனக்கு முதலில் புரியவில்லை. என் கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் கீழே பார்த்தேன். செய்தவர் என்று அக்காவின் பெயர் இருந்தது.

போன் போட்டேன். எடுத்ததும் "எப்டிடி இருக்க?" என்று சந்தோசமாகக் கேட்டாள். பார்த்ததைச் சொன்னேன்.

"மொகத்தத்தான் எடுத்துட்டேன்லடி. அது வெறும் சட்டதான?"

"என் கை இருக்குக்கா."

"அத எடுக்க முடியலடி. எடுத்தா தோளுகிட்ட சட்ட கிழிஞ்ச மாதிரி தெரியும். அன்னைக்கும் அதனாலதான கைய எடுக்காம..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்யாவது சொல்லியிருப்பாள்.

அன்றைக்கு நானே உட்கார்ந்து அந்த விரல்களை அழித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். அழித்த இடத்தில் தோள் பிய்ந்து, கறை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அவள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது.

பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தச் சட்டை கண்ணில் பட்டது. எல்லாக் கடைக்காரர்களும் இறக்கியிருக்கிறார்கள் போல. யார் யாரோ செத்துப் போனவர்கள் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருநாள் அம்மா சந்தையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்: "ஏண்டி, எவனோ ஒருத்தன் நம்ம பய சட்டையப் போட்டுக்கிட்டு செவுத்துல நிக்கிறான். நீயா குடுத்த?" "இல்லம்மா" என்றேன். அவள் என்னை நம்பிய மாதிரி தெரியவில்லை.

அண்ணனுக்கு முதல் வருசம் வந்தது. அதே படத்தைத்தான் போட வேண்டும், வேறு படம் கிடையாது. ஆனால் சட்டையோடு வெட்டிப் போட்டால் அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவான். தலையை வெட்டிக் கோட்டில் ஒட்டவும் மனசு வரவில்லை. அதனால் வெட்டவே இல்லை. கல்யாண மண்டபம், பின்னால் பந்தி, அவன், பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் நான், எல்லாமாக முழுப் படத்தையும் வைத்தேன். முதலாளி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாக்குறவன் ரெண்டு பேரும் போய்ட்டாய்ங்கன்னு நெனப்பாம்மா."

"நெனச்சுக்கட்டும்ணே."

சமயநல்லூர் பஸ் ஸ்டாப் சுவரில் நானே பசை தடவி ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் கவனித்தேன், பக்கத்திலேயே இன்னொரு போஸ்டர். யாரோ மீசை வைத்த ஒரு மாமா, வெளிர்நீலச் சட்டையில். அவர் தோளிலும் என் கை. அவர் பாட்டுக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கை யாருடையது என்று அவருக்குத் தெரியாது, அது அவர் தப்பும் இல்லை. அண்ணன் மட்டும்தான் பாதிச் சிரிப்போடு, கையை எடு பாப்பா என்கிறான்.