வானத்தில் கொடுத்த பை

பிள்ளைகளா, உங்கள் அப்பா விமானத்திலிருந்து குதித்தவன் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்களைக் குறை சொல்லாதீர்கள். நானும் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. எதற்காகக் குதித்தேன், யாரோடு குதித்தேன் என்பதை மட்டும் நடந்தபடி எழுதுகிறேன்.

துபாயில் அல் கூஸ் பக்கம், துணிப்பந்தல் தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. கார் நிறுத்துகிற இடங்களுக்கு மேலே கட்டுகிற கெட்டித் துணி. தகரக் கூரைக்கு அடியில் மெஷினில் உட்கார்ந்தால் முதுகிலிருந்து தண்ணீர் ஓடும். லீவு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. மகன் பிறந்ததை நான் போனில்தான் கேட்டேன். மகள் பிறந்ததையும் அப்படித்தான்.

வடக்கே கடலோரத்தில் பாராசூட் குதிக்கிற கிளப் ஒன்று இருந்தது. அவர்களுடைய கிழிந்த துணிகள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத் தைக்க வரும். என் தையல் பிடித்துப்போய், வெள்ளிக்கிழமைகளில் என்னை அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேட்டார்கள். அங்கே எனக்குப் பாராசூட் மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மடித்து, பையில் அடக்கி, இழுத்தால் கழன்று வருகிற ஊசி போட்டு மூடுகிற வேலை. ஒரு நாள் கிளப் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மடிக்கிறதுக்கு நிரந்தரமாக ஓர் ஆள் எடுக்கப்போவதாகவும், ஆனால் குதிக்கத் தெரிந்தவனைத்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார். விசா அவர்களே எடுப்பார்கள். லீவு வருஷத்துக்கு ஒரு தடவை.

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் குதிக்கச் சம்மதித்தேன். வேறு ஆசை எதுவும் இல்லை.

பயிற்சியை அவர்களே கொடுத்தார்கள். தனியாகக் குதித்து, தனியாகப் பாராசூட்டை விரித்து, தனியாக இறங்குகிற அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனால் அது பாதிதான். அனுபவஸ்தர் ஒருவரோடு சேர்ந்து குதிக்க வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போதே காற்றில் நீந்திப் போய் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடிக்க வேண்டும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் கையை விட்டு, திரும்பி, எதிரெதிர்ப் பக்கமாக விலகிப் போக வேண்டும். விலகாவிட்டால் ஒருவர் பாராசூட்டில் ஒருவர் மாட்டிக்கொள்வோம். இதை ஒழுங்காகச் செய்தேன் என்று அந்த அனுபவஸ்தர் கையெழுத்துப் போட்டால்தான் முழுத் தேர்ச்சி. வெயில் காலம் வந்தால் கிளப்பை மூடிவிடுவார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

அனுபவஸ்தர்களுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரர்கள் ஒரு கூட்டம், ரஷ்யாக்காரர்கள் ஒரு கூட்டம், உள்ளூர் அரபிப் பையன்கள் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திடமும் போய்க் கேட்டேன். "நெக்ஸ்ட் லோடு, மை ஃப்ரெண்ட்" என்பார்கள். லோடு என்றால் ஒரு விமானம் நிறைய ஆள். அடுத்த லோடு போகும், அதற்கடுத்ததும் போகும், சாயங்காலம் ஆகிவிடும். நான் மடித்த பாராசூட்டை முதுகில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தான், பக்கத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கும் வாரத்தில் கிடைப்பது ஒரு லீவு நாள். தத்தளிக்கிறவனுக்குத் துணை போய் அதை யார் வீணாக்குவார்?

அப்போதுதான் பாய் வந்தார். கடலோர ஊர்க்காரர், துபாய் தேராக் கடைத்தெருவில் வாட்ச் கடை வைத்திருந்தார், என்னைவிட வயதில் சின்னவர். அந்த மைதானத்தில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர். எத்தனையோ நூறு தடவை குதித்தவர்.

"ஆள் கிடைக்கலையாண்ணே? நான் வர்றேன்" என்றார்.

"எதுக்கு பாய்?"

"எதுக்கா? குதிக்கத்தான்!"

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. கல்ஃபில் முன்பின் தெரியாத தமிழன் ஒருவன் தானாக வந்து சிரித்தால், அவன் கைப்பைக்குள் ஊரில் விற்கிற மனைப் படம் இருக்கும். அல்லது சீட்டு இருக்கும். பத்துப் பேரைச் சேர்த்தால் பணக்காரனாகலாம் என்கிற சோப்பு வியாபாரம் இருக்கும். நான் இவை எல்லாவற்றிலும் மாட்டித் தப்பித்தவன்.

அதோடு பாய் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே! எந்த ஊர், ஊரில் சொந்த வீடா, நிலம் ஏதும் உண்டா, பிள்ளைகள் எத்தனை, லீவு எப்போது. மனை விற்கிறவன் இதே வரிசையில்தான் கேட்பான்.

ரூமில் எனக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கிறவரிடம் சொன்னேன். எங்கள் பக்கத்து ஆள், வெல்டர்.

"மாப்ள, ஓசியில பிரியாணி போட்டவன் என்கிட்ட என்ன வித்தான் தெரியுமா? குளத்துக்குள்ள ஒரு மனை. மழை பெஞ்சா என் இடத்துல வாத்து நீந்துது" என்றார் அவர். "இவன் ஓசியில ஆகாசத்துக்கே கூட்டிட்டுப் போறான். அப்ப எம்மாம் பெரிய மனையா இருக்கும்?"

"இதுவரைக்கும் ஒண்ணும் எடுக்கலையே."

"எடுப்பான். நீ பயந்துபோய் எறங்குவ பாரு, கை காலு வெடவெடன்னு, அப்ப எடுப்பான். கையெழுத்துப் போட்டுடாத."

கையெழுத்து எனக்குத்தான் தேவை, பாயிடமிருந்து. அதுதான் கஷ்டமே.

வேறு வழியில்லாமல் பாயோடு குதித்தேன். முதல் வெள்ளிக்கிழமை, கதவை விட்டு வெளியே வந்ததும் நான் கீழே பார்த்தேன். மணலும் கடலும் சாலையும் என்னை இழுத்தன. திரும்பிப் பார்த்தால் பாய் எங்கோ ஒரு புள்ளி. அடுத்த தடவை கையில் கட்டியிருந்த உயரம் காட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் பாய் எங்கோ மேலே.

"அண்ணே, என்னைப் பாருங்க. எங்க பாக்குறீங்களோ அங்கதான் உடம்பு போகும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் தலையாட்டுவேன். முதுகில் பையை மாட்டியதும் பின்னால் வந்து ஊசி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வருவார். எல்லோரும் ஒருவருக்கொருவர் செய்வதுதான் அது. முதுகை அவரவரே பார்க்க முடியாது அல்லவா? நானோ, "மடிக்கிறவனே நான்தான் பாய், பாத்துட்டேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். பின்னால் வருகிற கை எதற்கு வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. வருகிற வாரத்தோடு கிளப்பை மூடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த வியாழக்கிழமைதான் தங்கக் கடைத்தெருவில் மகளுக்குத் தோடு வாங்கினேன். சின்னச் சிவப்புக் கல் வைத்தது. "காது குத்தியாச்சு, ஆனா அப்பா கொண்டுவர்ற தோட்டைத்தான் போடணும்" என்று உங்கள் அம்மா போனில் சொல்லியிருந்தாள். அதுவரை, மகளே, உன் காதில் வேப்பங்குச்சிதான். ஊருக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்து விட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ரூமில் வைக்கலாம் என்றால் போன மாதம்தான் ஒருவருடைய பெட்டியிலிருந்து வாட்ச் காணாமல் போயிருந்தது. கீழ்க்கட்டில்காரரிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவரும் ரூமில் இருக்கிறவர்தானே!

ஆகவே தோட்டையும் லேபர் கார்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, நானே தைத்த பைதான், கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு மறுநாள் கிளப்புக்குப் போனேன். அங்கே லாக்கர் இருந்தது. அதன் சாவி இன்னொன்று ஆபீஸிலும் இருந்தது. அதனால் லாக்கரிலும் வைக்கவில்லை. குதிக்கிற உடுப்புக்குள் அந்தப் பை அடங்கவில்லை. வெளியே கட்டி, முதுகுப்பக்கம் தள்ளி, பாராசூட் பையால் மறைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

விமானம் மேலே ஏறியது. பாதி உயரம் தாண்டியதும் என் இடுப்பில் ஒரு கை பட்டது. பின்னால் பாய் உட்கார்ந்திருந்தார். அவர் கை பையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த மணிக்கட்டை அப்படியே இறுக்கிப் பிடித்தேன். "என்ன பண்றீங்க பாய்?"

"அண்ணே, இது என்ன கயிறு?"

"அது என்னோடது. விடுங்க."

"உங்களோடதுதான், யாரு இல்லைன்னா? எங்க சுத்தியிருக்குன்னு கையை வச்சுப் பாருங்க."

கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். பாராசூட்டை விரிக்க இழுக்கிற கைப்பிடி பையின் அடியில் வலது பக்கம் இருக்கும். என் பையின் கயிறு நீளமாகத் தொங்கி, அந்தக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பாராசூட் மடிக்கிறவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இழுத்தால் வராது. வந்தாலும் பாதியில் மாட்டும்.

பாய் மெதுவாகச் சுற்றை எடுத்தார். "உள்ள என்னண்ணே?"

பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"சரி, சொல்ல வேணாம். ஆனா இதைக் கட்டிக்கிட்டு உங்களைக் குதிக்க விட மாட்டேன். பைலட்டோட கீழ போயிடுங்க. இல்லைன்னா என்கிட்ட குடுங்க. எனக்கு உள்பாக்கெட் இருக்கு, ஜிப் இருக்கு."

பைலட்டோடு கீழே போனால் குதித்த கணக்கில் சேராது. கிளப் மூடிவிடும். நிரந்தர வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான். மறுபடி இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. குதித்தால், என் மகளின் தோடு நான் சந்தேகப்பட்டவர் சட்டைக்குள் இருக்கும். அவர் எனக்கு முன்னால் இறங்கலாம். அவருடைய வண்டி கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது.

கதவைத் திறந்துவிட்டார்கள். காற்று இரைந்தது. "யல்லா, யல்லா!" என்று, கிளம்பச் சொல்லி, முன்னால் யாரோ கத்தினார்கள்.

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். பாய் நெஞ்சுக்குள் வைத்து ஜிப்பை இழுத்ததைக் கடைசி வரை பார்த்தேன்.

வெளியே வந்ததும் நான் கடலைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்க்கவில்லை. பாயின் நெஞ்சை மட்டும் பார்த்தேன். அவர் இடது பக்கம் நகர்ந்தால் என் கண்ணும் நகர்ந்தது, கண்ணோடு உடம்பும் நகர்ந்தது. அவர் மிதந்தால் நானும் மிதந்தேன். அந்த நெஞ்சு கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது. அவர் சட்டை ஜிப் காற்றில் படபடப்பது தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டைப் பிடித்தேன். பாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

விலக வேண்டிய உயரம் வந்தது. நான் விடவில்லை. விட்டால் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டிப் போக வேண்டுமே! பாய் தலையை ஆட்டினார். கண்ணாடிக்குள் அவர் கண் பெரிதாவதைப் பார்த்தேன். அப்போதுதான் கையை விட்டேன். திரும்பினேன். முதுகைக் காட்டிக்கொண்டு போனேன். அதைவிடக் கஷ்டமான காரியம் அதுவரை நான் செய்ததில்லை.

பாராசூட் அழகாக விரிந்தது. இறங்குகிறபோதும் அவருடைய பச்சைப் பாராசூட் எங்கே போகிறது என்றே பார்த்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் இறங்கினார். நான் இந்தக் கோடியில். துணியை வாரிச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, கயிறெல்லாம் தரையில் இழுபட, ஓடினேன். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். சந்தோஷத்தில் ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பாய் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் பை.

"முதல்ல இதைப் பிடிங்க. அப்புறம் மூச்சு விடுங்க" என்றார்.

திறந்து பார்த்தேன். இரண்டு தோடும் இருந்தன. கார்டும் இருந்தது. அவர் கண் முன்னாலேயே பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னைக்குத்தாண்ணே என்னை விட்டுக் கண்ணை எடுக்கல நீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏன் எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

சாயங்காலம் அவர் வண்டியில் திரும்பினோம். வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க பாய். உங்களுக்கு இதுல என்ன?"

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "நான் குதிக்கிறது வீட்டுல யாருக்கும் தெரியாதுண்ணே. சரக்கு எடுக்கப் போறதா சொல்லிட்டு வர்றேன். கடைப் பசங்களுக்கும் தெரியாது. இவனுங்ககிட்ட இங்கிலீஷ்ல எவ்வளவுதான் பேசுறது? எறங்கி வந்து, யப்பா, என்னா காத்து, செத்தேன்டான்னு தமிழ்ல சொல்ல ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்" என்றார்.

அன்று இரவு ரூமில் இதைச் சொன்னபோது கீழ்க்கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதானா? பொறு மாப்ள. வேலை கிடைக்கட்டும், சம்பளம் ஏறட்டும், அப்ப எடுப்பான் மனைப் படத்தை."

வேலை கிடைத்தது. விசா மாறியது. கிளப்பை மறுபடி திறந்தபோது நான் அங்கே நிரந்தர ஆள். வெள்ளிதோறும் பாய் வருவார். இருவரும் சேர்ந்து குதிப்போம், இறங்கி வந்து தமிழில் கத்துவோம். மனைப் படம் இதுவரை வரவில்லை.

அந்த வருஷமே பாய் ஊருக்குப் போனார். "உங்க ஊர் வழியாத்தான் போறேன். தோட்டைக் குடுங்க, பாப்பா காதுல போட்டுட்டுப் போறேன்" என்றார்.

"இல்ல பாய், இருக்கட்டும்."

"வானத்துல குடுத்தீங்க. தரையில குடுக்க மாட்டேங்குறீங்களே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கொடுக்கவில்லை. அதற்கு அடுத்து என் முதல் வருஷ லீவில் நானே கொண்டு வந்தேன், அதே பையில், இடுப்பில் கட்டி. கயிற்றை மட்டும் குட்டையாக வெட்டியிருந்தேன்.