ஏலத்துக்கு முன்னாடி

மொழியியல் படிக்க மதுரைக்குப் போகிறேன் என்றதும் அப்பா சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. விண்ணப்பிக்க மறுநாளே கடைசி. அவர் தலையாட்டாமல் நான் படியிறங்க முடியாது.

“செத்துப்போன பாசையெல்லாம் படிச்சு என்ன சோலி பாக்கப் போற ஆத்தா?”

“நீங்க பாக்குற சோலிதான்ப்பா. நீங்க காய உடச்சுப் பாக்குறீங்க, நான் வார்த்தைய உடச்சுப் பாப்பேன்.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் விடுவாரா? தோலின் பச்சையைப் பார்த்து அவர் என்றுமே காய் வாங்கியதில்லை. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் மூட்டை இறங்கினால், நடுவில் கைவிட்டு நாலைந்து காய்களை எடுத்து நகத்தால் கீறுவார். விதை கறுத்திருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அன்றைக்கு ஏற்றுமதிப் பெட்டி ஒன்றை என் முன்னால் இழுத்துப் போட்டார். செடியின் லத்தீன் பெயர் அதில் அச்சாகியிருந்தது: எலெட்டேரியா கார்டமோமம்.

“எங்க, இத உடச்சுக் காட்டு.”

இரண்டாவது சொல்தான் ஊரறிந்தது என்று அதில் ஆரம்பித்துத் தொலைத்தேன். லத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே காரமான ஒரு கீரையின் பெயரும் ஏதோ வாசனைச் செடியின் பெயரும் சேர்ந்து அப்படி ஆனது என்கிறார்கள்.

“அதுக்கு முன்னாடி?”

“தெரியலப்பா. யாருக்கும் தெரியல.”

“தெரியலன்னு சொல்றதுக்கா காலேசு? பொக்கு ஆத்தா இது, உள்ள ஒண்ணுமில்ல” என்று எழுந்துவிட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும். “உக்காருங்கப்பா. ஒரே ஒரு காய உடச்சிட்டா மூட்டையத் திருப்பி அனுப்புவீங்க?”

உட்கார்ந்தார். முதல் சொல்லைப் பிடித்தேன். எலெட்டேரியா கிரேக்கத்திலிருந்து வரவில்லை. மலையாளத்து ‘ஏலத்தரி’யைத்தான் லத்தீனாக்கியிருக்கிறார்கள். ஏலத்தின் விதை என்று பொருள். மெட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களோடு அப்பா மலையாளத்தில் பேரம் பேசும்போது அவர் வாயிலேயே புரளும் சொல்.

“அட கழுத! நம்ம ஏலத்தரியா?” மறுபடி சிரித்தார். இது வேறு சிரிப்பு. “சரி, அந்த ஏலம் எங்கருந்து வந்துச்சு?”

தமிழும் மலையாளமும் பிரியாத காலத்துச் சொல்லாக இருக்கும் என்றேன்.

“அதுக்கும் முன்னாடி?”

“தெரியலப்பா.”

இந்த முறை அவர் எழவில்லை. கைப்பழக்கமாக ஒரு காயைக் கீறி, கறுத்த விதைகளை என் உள்ளங்கையில் தட்டினார். “வெரசா அப்ளிகேசனப் போடு. நாளைக்குன்னு இழுத்துக்கிட்டு இருக்காத.”

இப்போது மதுரையில் விடுதியில் இருக்கிறேன். போன் வந்தால், சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பாள். அப்பா அவளிடமிருந்து போனைப் பிடுங்கிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “ஏலத்துக்கு முன்னாடி என்னன்னு தெரிஞ்சுச்சா ஆத்தா?”