மிளகுக்காரியின் கை

இந்த ஊர் உணவகங்களில் மிளகு போடுவதற்கென்றே ஒருவர் வருகிறார். முழங்கை நீளத்தில் ஒரு மரக்குழலைச் சூப்புக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பார். நாம் போதும் என்று சொல்லும்வரை நிறுத்த மாட்டார். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. மரியாதைக்காக நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், மரியாதைக்காக அவரும் நிறுத்தாமல் திருகினார். சூப்பு கறுத்தே போனது. கொல்லிமலையில் மிளகு காயப்போட்ட வாசலில் தவழ்ந்து வளர்ந்தவள், கனடாவில் மிளகுக்குத் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டேன். இப்போதெல்லாம் இரண்டாவது திருகிலேயே போதும் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. இங்கே மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிப்பது என் வேலை. சனிக்கிழமை மதியங்களில் நூலகத்துத் திரைப்படக் குழுவுக்குப் போவேன். ஒன்பது பேர், என்னைத் தவிர எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுக்கு ஒரு வினோத வழக்கம் உண்டு. குளிர்காலம் வந்தால் ஏதாவது ஒரு பழைய ஆண்டின் விருதுப் போட்டியை எடுத்துக்கொள்வார்கள். சிறந்த நடிகை விருதுக்கு மோதியவர்களின் படங்களை வரிசையாகப் பார்த்து, கை தூக்கி மறுபடி ஓட்டுப் போடுவார்கள். செத்துப்போனவர்களுக்குக்கூட நியாயம் செய்தாக வேண்டும் இவர்களுக்கு! இந்த முறை உன் நாட்டுப் போட்டி ஒன்றைச் சொல்லேன் என்றார் மார்கரெட். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், குழுவின் தலைவி. யோசிக்கவே இல்லை, சொன்னேன்.

எங்கள் மலைக்குத் தெரிந்தது ஒரே ஒரு போட்டிதான். அந்த இரண்டு நடிகைகளின் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. ஒருவர் எங்கள் மலையிலேயே எடுத்த படத்தில் மிளகு பறிக்கும் பெண்ணாக நடித்தார், அவர் மிளகுக்காரி. இன்னொருவர் பட்டணத்துப் படத்தில் துணி தைப்பவராக வந்தார், அவர் தையல்காரி. விருது மிளகுக்காரிக்குப் போனது. நான் பிறப்பதற்கு முந்திய கதை இது. ஆனாலும் நான் கல்லூரிக்குப் போன காலத்தில்கூட, சேந்தமங்கலம் பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். நம்ம மலைக்கு வந்த விருது என்பார்கள்.

அம்மா மட்டும் எதிர்க்கட்சி. "அந்தத் தையக்காரப் புள்ளைதான் நடிச்சுது. இது என்ன நடிப்பு?" என்பாள். "உங்கம்மாளுக்குத் தையக்காரி ஒண்ணுவிட்ட அக்கா, தெரியாதா?" என்று அப்பா சீண்டுவார். எனக்கு ஏழெட்டு வயதில் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனபோது, அங்கே கொட்டகையில் அந்தப் படம் ஓடியது. திரையெல்லாம் மழை பெய்த மாதிரி கோடு. எல்லாரும் காத்திருந்த மிளகுக் காட்சி வந்ததும் விசில் பறந்தது. அம்மா தலையைக் குனிந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த நடிகை மேல் பொறாமை என்றுதான் பல காலம் நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நூலகத்தில் போட்டது புதிதாகச் சுத்தம் செய்த பிரதி. இலையின் நரம்புகூடத் தெரிந்தது. மிளகுக்காரி ஒற்றை மூங்கிலின் கணுக்களில் கால் வைத்து, கொடி படர்ந்த மரத்தில் ஏறுகிறாள். முதுகுதான் தெரிகிறது. முதல் கொத்தைப் பறித்ததும் அதைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் சொருகிக்கொள்கிறாள். அந்த ஒரு செய்கைக்காகத்தான் விருது என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதினவாம். கேமரா அந்தக் கைக்கு அருகில் போனது. வலதுகைச் சுண்டுவிரல் நடுவில் மடங்கி, வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் உரலில் நசுங்கிய விரல் அது. எனக்குச் சோறூட்டிய கை. "அது என் அம்மாவின் கை!" என்று எழுந்தே நின்றுவிட்டேன். மார்கரெட் என் தோளை அணைத்துக்கொண்டார். "ஆமாம், எனக்கும் என் அம்மா நினைவு வந்துவிட்டது. நல்ல நடிப்பு என்றால் இதுதான்" என்றார். மற்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். நான் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். அங்கே சாயங்காலம். சிக்னலுக்காகப் பலாமரத்தடிக்கு வந்து நின்றாள் அம்மா. விரலைப் பற்றிக் கேட்டதும் திரையில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"கேட்டுட்ட. நான் பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. அந்தம்மாளுக்கு மரம் ஏறப் பயம். எனக்கு அப்பக் கல்யாணம் ஆகல. அவங்க சேலையக் கட்டிக்கிட்டு நாந்தான் ஏறுனேன். ஏறிப் பறிச்சுட்டு எறங்குன்னு மட்டுந்தான் சொன்னாங்க. நான் நெனப்பில்லாம, மொதக் கொத்தச் சாமிக்குன்னு எடுத்துச் சொருகிட்டேன்."

அம்மா பிறந்த ஊர்ப்பக்கம் அதுதான் வழக்கம். முதல் கொத்து கோயிலுக்கு. படம் எடுக்கிறார்கள் என்பதையே மறந்து அவள் கை தன் பாட்டுக்கு அதைச் செய்திருக்கிறது.

"ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?"

"அந்தம்மாதான் சூடம் அணைச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க சாமி. இப்ப அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க, நீயும் எம்மக. அதான் சொன்னேன். அங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

எனக்கு ஆத்திரம் வந்தது. "உன்ற கைக்குக் கெடச்ச விருதும்மா அது!" என்று கத்தினேன். அம்மா என்னைவிட அதிகமாக அதிர்ந்துபோனாள்.

"எனக்கெதுக்குடி? தையக்காரப் புள்ள அந்தப் படத்துக்காக நெசமாலுமே தையல் பழகுச்சாம். கையெல்லாம் ஊசி குத்துன காயமாம். எல்லாம் செஞ்சும், நான் மறந்துபோய்ச் செஞ்ச ஒண்ணால அதுக்குக் கெடைக்காமப் போச்சு. அப்புறம் அது நடிக்கவே இல்ல, தெரியுமா? ஒவ்வொரு வருசமும் மொதக் கொத்து வைக்கிறப்ப நான் அந்தப் புள்ளகிட்டத்தான் மன்னிப்புக் கேக்குறேன். நீயாச்சும் அதுக்குப் போடு கண்ணு."

நாற்பது வருடத்துக்கு மேலாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். பக்கத்திலேயே சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை தையல்காரியின் படம். அவருடைய காயம்பட்ட விரல்களைப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி வாதாடினேன். சத்தியத்தை மட்டும் மீறவில்லை. ஓட்டெடுப்பில் தையல்காரிக்குக் கை தூக்கினேன். என் கையோடு மூன்று. மிளகுக்காரிக்கு ஆறு. "உன் அம்மாவை நினைவூட்டினாள் என்றாயே, அவளுக்குப் போடவில்லையா?" என்று மார்கரெட் வியப்போடு கேட்டார். இந்த முறையும் அம்மாவின் கைதான் ஜெயித்தது.

போனில் நான் பொய் சொன்னேன். "தையக்காரி செயிச்சுட்டாங்கம்மா."

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. "அந்தப் புள்ளயும் போயிருச்சே கண்ணு. இத யாரு அதுகிட்டப் போய்ச் சொல்லுவா?"

அன்று இரவு குழுவோடு உணவகத்துக்குப் போயிருந்தேன். மரக்குழலோடு வந்தவர் திருக ஆரம்பித்தார். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. மார்கரெட்தான் கை காட்டி நிறுத்தினார். தட்டின் ஓரத்தில் பாதி உடைந்த மிளகு ஒன்று விழுந்து கிடந்தது. என் வலதுகை தன் பாட்டுக்கு அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, இடுப்புக்குக் கொண்டுபோனது. அங்கே சேலை இல்லை, சொருக மடிப்பும் இல்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிளகைக் குளிர்கோட்டின் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினேன்.